ஐம்பத்திரண்டாவது கிடை

இருளாயி இன்னொரு மனிதரைத் தொட்டு ஆறு வருஷம் ஆகப்போகிறது. கடைசியாகத் தொட்டது மகள் பூமயிலின் காதை. கம்மல் திருகாணி கழன்று தொங்கியது. அதைத் திருகிவிட்டு, "தொலைச்சுப் போடாதடி" என்று சொல்லிவிட்டு வேலிக்குள் நுழைந்தாள். பின்னாலேயே கதவு சாத்திக்கொண்டது. கட்டிப்பிடித்து அழுதிருக்கலாம், கன்னத்தைத் தடவியிருக்கலாம். போயும் போயும் திருகாணிதான் கண்ணில் பட்டது. அந்தப் பெண்ணுக்கு அப்போது பதினைந்து வயது.

வேலி என்றால் முள்வேலி இல்லை. இரண்டு ஆள் உயரத்துக்குக் கம்பி, நூறு அடிக்கு ஒரு கேமரா. அதற்குள்ளே பனையடியேந்தல், முள்ளிச்செவல் என்று நான்கு ஊர்களின் நிலம் ஆளரவமில்லாமல் கருவேலம் மண்டிக் கிடந்தது. அந்த மண்ணில் அடைப்பான் இருந்தது. படித்தவர்கள் ஆந்த்ராக்ஸ் என்பார்கள். ஆட்டிலிருந்து ஆளுக்குத் தொற்றி ஒரே மாதத்தில் முப்பத்தொரு பேரைக் கொண்டுபோன நோய். அதில் ஒருவன் இருளாயியின் புருஷன் காத்தமுத்து.

உள்ளே போவதற்கு முன்னால் கால்நடை டாக்டர் சுலைகா கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினாள்.

"செத்த ஆட்டோட ரத்தம் மண்ணுல விழுந்தா, கிருமி ஓடு கட்டிக்கிட்டு வித்தாயிடும்க்கா. வெயிலு, மழை எதுவும் அதை ஒண்ணும் பண்ணாது. அம்பது வருஷம்கூடத் தூங்கிக்கிட்டே கிடக்கும். ஒரு ஆடு வந்து புல்லோட சேர்த்துத் தின்னா, வயித்துச் சூட்டுல முழிச்சுக்கும்."

"அப்ப அந்த மண்ணை என்னதான் பண்றது?"

"தூங்குறதை ஏமாத்தி எழுப்பணும். எழுப்பித் தின்னுடணும். அதுக்குன்னு கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சியை நாங்க லேப்ல வளத்திருக்கோம். ஆட்டு வயித்துலதான் அது இருக்கும். புழுக்கையோட, மூத்திரத்தோட மண்ணுல எறங்கும். மெஷின் வச்சுத் தெளிச்சுப் பாத்தோம், வெயில்ல செத்துப்போச்சு. சூடான புழுக்கை தினம் தினம் விழணும். ஒரே எடத்துல நாப்பது நாள் ஆடு படுக்கணும்."

இருளாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கிடை போடணும்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே டாக்டரம்மா. இதுக்கா இம்புட்டுப் படிச்சீக?"

அவள் சொன்னது சரிதான். கோடையில் அறுப்பு முடிந்த வயலில் ஆடுகளைப் படுக்கவைத்து உரமாக்குவது அவள் வீட்டாருக்குப் பரம்பரைத் தொழில். ஊர் ஊராகப் போய்க் கிடை போடுவார்கள். வித்தியாசம் ஒன்றுதான்: இந்தக் கிடைக்குப் போனவர் நடுவில் திரும்ப முடியாது. தலைமுடியில், சேலை மடிப்பில், நகக்கண்ணில் வித்து ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். கடைசித் துண்டு மண்ணும் சுத்தமாகும்வரை ஆள் உள்ளேதான். ஆட்டுக்கும் ஆளுக்கும் வருஷா வருஷம் தடுப்பூசி உண்டு. மாவட்டத்தில் இருந்த கிடைக்காரர்களையெல்லாம் கேட்டுப் பார்த்தார்கள். ஒருத்தரும் தலையாட்டவில்லை. இருளாயி மட்டும் சரி என்றாள்.

அவள் ஏன் சரி என்றாள் என்று யாரும் துருவிக் கேட்கவில்லை. நோய் அவள் மந்தையிலிருந்துதான் கிளம்பியது என்று ஊருக்கே தெரியும். 'கிடைக்காரன் கொண்டாந்த சாவு' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். பழியைக் கழுவப் போகிறாள் என்று பேசிக்கொண்டார்கள். அதற்கு மேலும் ஒன்று இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஐம்பத்தொரு கிடை முடிந்து இப்போது ஐம்பத்திரண்டாவது நடக்கிறது. இதுதான் கடைசி. வருகிற வெள்ளிக்கிழமை கதவைத் திறக்கப் போகிறார்கள்.

தனிமை என்றால் பேச ஆளில்லாதது என்று வெளியே இருக்கிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இருளாயிக்குப் பேச ஆள் இருந்தது. வெயிலில் சார்ஜ் ஏறும் ஒரு பெட்டி கொடுத்திருந்தார்கள். அதில் டாக்டரும் வருவாள், மகளும் வருவாள், முகம்கூடத் தெரியும். அரிசியும் பருப்பும் ட்ரோனில் வந்து இறங்கும். அதற்கு அவள் தட்டான் என்று பெயர் வைத்திருந்தாள். அவளுக்கு இல்லாமல்போனது குறை சொல்ல ஓர் ஆள். சோறு குழைந்துவிட்டதென்று முகத்தைச் சுளிக்க, குறட்டை விடுகிறாயென்று விலாவில் இடிக்க ஓர் ஆள். முதுகில் கை எட்டாத இடத்தில் அரித்தால் கருவேல மரத்தில்தான் தேய்த்துக்கொள்ள வேண்டும். அவளுடைய முன்னத்திக் கிடாய் மொட்டையனும் அப்படித்தான் தேய்த்துக்கொள்ளும்.

முன்னத்திக் கிடாய் என்றால் மந்தைக்கு முன்னால் நடக்கிற கிடாய். அது எங்கே போகிறதோ மற்ற இருநூற்றுச் சொச்சம் ஆடும் அங்கே போகும். மொட்டையன் உள்ளே வரும்போது இரண்டு வயதுக் குட்டிப்பயல். இப்போது கிழடு தட்டிவிட்டது. முதல் நாளிலிருந்தே அவள் கயிற்றுக்கட்டிலின் தலைமாட்டில்தான் படுக்கும். வேறு எங்கே படுக்கச் சொன்னாலும் கேட்காது. அவளும் கையைத் தொங்கப்போட்டு அதன் கழுத்தைத் தொட்டுக்கொண்டுதான் தூங்குவாள். ஆறு வருஷத்தில் அவளோடு ஒட்டிப் படுத்த உயிர் அது ஒன்றுதான்.

அன்றைக்குக் காலையில் பூமயில் பெட்டியில் வந்தாள். மகளுக்கு இப்போது இருபத்தொன்று. கல்யாணம் ஆகி, எட்டு மாத வயிறு. கல்யாணத்தை இருளாயி பெட்டியில்தான் பார்த்தாள். தாலி கட்டுகிற நேரத்தில் மேகம் மறைத்துப் படம் நின்றுவிட்டது.

"வெள்ளிக்கெழமை வந்துருவீல்லம்மா?"

"இதென்னடி கேள்வி. வராம எங்கன போறேன்?"

"எனக்குப் பயமா இருக்கு. அவரு நல்லாத்தான் பாத்துக்கிறாரு. இருந்தாலும் வலி வர்றப்ப நீ பக்கத்துல இருக்கணும்."

"இருப்பேன். ஒன் கையைப் புடிச்சுக்கிட்டே இருப்பேன், போதுமா?"

சொன்ன பிறகு அந்தக் கை எப்படி இருக்குமென்று இருளாயிக்கு ஞாபகமில்லை என்பது உறைத்தது. பேச்சை மாற்றுவதற்காக, "மணிக்கட்டுல என்ன துணி சுத்தியிருக்க?" என்று கேட்டாள்.

"அடுப்புல சுட்டுக்கிட்டேன் போல. கொப்புளம் வந்து கறுத்துப்போச்சு. வலியெல்லாம் இல்ல."

"தேங்கா எண்ணெய் போடு. வாயும் வயிறுமா இருக்கையில ஒனக்கு எதுக்கு வெறகடுப்பு?"

"ஒன்னோட அடுப்பும்மா அது. மூணு கல்லையும் அசைக்கவே இல்ல. அடுக்களைக்கு மட்டும் மண்தரைதான் வேணும்னு சொல்லிட்டேன். வாரத்துக்கு ஒருக்கா மெழுகிருவேன்."

பூமயில் இருந்தது பனையடியேந்தலில். இருளாயி முதல் கிடை போட்ட இடம். சுத்தமாகிவிட்டதென்று வேலியை உள்ளே தள்ளிப்போட்டு, இரண்டு வருஷத்துக்கு முன் நாற்பது குடும்பங்களைக் குடியேற்றினார்கள். கிடைக்காரியின் மகளென்று முதல் மனையை இவளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அவள் காலி நிலத்தில் சுற்றித் தேடி, அம்மா சோறு பொங்கிய மூன்று கல்லைக் கண்டுபிடித்து, இங்கேதான் வேண்டும் என்று நின்றுவிட்டாள். அதைக் கேட்ட நாளில் இருளாயி ஆடுகளுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொன்னாள்.

பெட்டியை மூடிவிட்டு ஊசிகளைப் பார்க்கக் கிளம்பினாள். மண் சுத்தமா என்று சொல்வது இந்த ஊசிகள்தான். குத்திவைத்து ஒரு மணி நேரம் பொறுத்தால் தலையில் பச்சையோ சிவப்போ எரியும். இதுவரை கிடைக்கு ஒன்பது ஊசிதான் குத்துவார்கள். இது கடைசி என்பதால், சான்றிதழுக்காகத் தட்டான் இருநூறு ஊசி கொண்டுவந்து இறக்கியிருந்தது. இருளாயி எண்ணிக்கொண்டே நடந்தாள். எல்லாம் பச்சை. மனசு துள்ளியது. தன் கட்டிலுக்கு அருகே வந்தபோது ஒன்றே ஒன்று சிவப்பாக எரிந்தது.

டாக்டரைக் கூப்பிட்டாள்.

"இருநூத்துல ஒண்ணுதானேக்கா," என்றாள் சுலைகா. "ஊசிகூடத் தப்பாக் காட்டியிருக்கலாம். அந்த எடத்துல சுண்ணாம்பைக் கொட்டி ஆழமாப் பொதைச்சுடலாம். மந்திரி தேதி குடுத்தாச்சு. நீங்க நிம்மதியா இருங்க."

நிம்மதியாக எப்படி இருப்பது? வேறு ஊசி குத்தினாள். அதுவும் சிவப்பு. அரை முழம் தள்ளிக் குத்தினாள், பச்சை. சிவப்பு எரிந்த இடம் அவள் தலைமாடு. ஆடுகள் எல்லா இடத்திலும்தான் படுத்தன. இந்த ஒரு இடத்தில் மட்டும் நாற்பது நாளாக வித்து சாகாமல் இருக்கிறதென்றால், யாரோ அதைப் புதிதாகக் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்படியானால் அது நான்தான் என்று இருளாயி நினைத்தாள்.

தடுப்பூசி போட்ட உடம்பு, நோய் வராது. ஆனால் நோயைச் சுமக்குமோ என்னவோ. தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். இந்தக் கையாலா பிரசவம் பார்க்கப் போகிறேன்? அன்றைக்கு மொட்டையனைப் பட்டியில் வடக்கு மூலையில் கட்டிவிட்டு, கட்டிலைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் தள்ளிப்போய், ஒரு வேப்பமரத்தடியில் தனியாகப் படுத்தாள். கிடாய் அவளைக் காணாமல் கத்திக்கொண்டே இருந்தது. கை தானாகக் கட்டிலுக்குக் கீழே தொங்கித் துழாவியது.

விடிந்ததும் தான் படுத்த இடத்தில் ஊசி குத்தி, பக்கத்திலேயே குந்தினாள். ஒரு மணி நேரம் கழித்துப் பச்சை எரிந்தது. நான் இல்லை, நான் இல்லை என்று வாய்விட்டே சொன்னாள். அந்தச் சந்தோஷம் பட்டிக்குத் திரும்பும்வரைதான் நீடித்தது. மொட்டையன் படுத்திருந்த வடக்கு மூலையில், நேற்றுவரை பச்சையாக இருந்த இடத்தில், ஊசி சிவப்பாகிவிட்டது.

கிடாய் அவளைக் கண்ட சந்தோஷத்தில் பட்டிக் கம்பத்தில் கழுத்தைத் தேய்த்தது. மணி குலுங்கியது. மணியைக் கட்டியிருந்த தோல்வாரிலிருந்து தூளாக ஏதோ உதிர்ந்து மண்ணில் விழுந்தது. இருளாயி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஓர் ஊசியை எடுத்து அந்த வாரில் குத்தினாள். ஒரு மணி நேரமெல்லாம் ஆகவில்லை. அவள் விரலை எடுப்பதற்குள் சிவப்பு எரிந்தது.

அந்த வார் வந்த கதை இதுதான்.

அவள் வீட்டாரிடம் ஒரு வழக்கம் உண்டு. முன்னத்திக் கிடாய் செத்தால் அதன் தோலிலிருந்து ஒரு வார் அறுத்து, எண்ணெய் தடவி, அடுத்த கிடாயின் கழுத்தில் மணியோடு கட்டுவார்கள். பழைய கிடாய்க்குத் தெரிந்த வழியெல்லாம் புதிய கிடாய்க்கு வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. ஏழு வருஷத்துக்கு முந்தைய கோடையில், பனையடியேந்தல் கண்மாய்க் கரையில், செவலையன் என்ற முன்னத்திக் கிடாய் நின்ற நிலையிலேயே விழுந்து செத்தது. மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. கறுப்பாக, உறையாமல் வந்துகொண்டே இருந்தது. அப்படிச் செத்த ஆட்டை அறுக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும் என்று இருவருக்குமே தெரியும். சொன்னால் மந்தையை நிறுத்திவைப்பார்கள், ஊரை விட்டுத் துரத்துவார்கள்.

"வெயிலுதான். வாயைத் தொறக்காத," என்றான் காத்தமுத்து.

இருளாயி வாயைத் திறக்கவில்லை. அவன் தோலை உரித்தான். வார் அறுத்து மொட்டையனுக்குக் கட்டினான். கறியை ஊர்க்காரர்கள் பங்கு வைத்துக்கொண்டார்கள். எட்டாம் நாள் அவன் மணிக்கட்டில் ஒரு கொப்புளம் வந்து, கறுத்து, காசு அகலத்துக்குப் பரவியது. "பாக்கத்தான் பயமா இருக்கு, வலிக்கவே இல்லடி," என்று சிரித்தான். அதற்கப்புறம் அவன் நிறைய நாள் இருக்கவில்லை. எந்த ஆட்டிலிருந்து ஆரம்பித்தது என்று அதிகாரிகள் கேட்டபோதும் அவள் தெரியாது என்றுதான் சொன்னாள். அவனுடைய பேரை இன்னும் கெடுக்க மனசில்லை.

வேலிக்குள் வரும்போது சேலை, கம்பு, கயிறு எல்லாவற்றையும் பிடுங்கி எரித்துவிட்டார்கள். மணியை மட்டும் மருந்துத் தண்ணீரில் முக்கித் திருப்பிக் கொடுத்தார்கள். கட்டுவதற்கு ஒரு நைலான் பட்டையும் தந்தார்கள். வாரைக் காணவில்லையே என்று யாருக்கும் தோன்றவில்லை. முந்தின நாள் சாயங்காலமே அவள் அதைச் சுருட்டி, கேமரா கண்ணில் படாமல் வேலிக்கு மேலாக உள்ளே எறிந்திருந்தாள். உள்ளே வந்ததும் தேடி எடுத்துக் கட்டிக்கொண்டாள். புருஷன் கைபட்ட பொருள் என்று அவளிடம் வேறு எதுவும் மிச்சமில்லை. செத்த ஆட்டின் தோலில் நோய் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். அது தோல் என்று அவள் ஒருநாளும் நினைக்கவில்லை, அவ்வளவுதான். அவளுக்கு அது காத்தமுத்து.

ஆறு வருஷம். ஐம்பத்திரண்டு கிடை. ஒவ்வொன்றிலும் தலைமாட்டில் ஒரு பாய் அகலத்துக்கு அவள் விதைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். ஒன்பது ஊசியில் அது எங்கே அகப்படும்? முதல் கிடையில் கட்டில் எங்கே கிடந்தது என்று யோசித்தாள். அடுப்புக்குப் பக்கத்தில். அங்கே இப்போது...

'கறுத்துப்போச்சு. வலியெல்லாம் இல்ல.'

தேங்காய் எண்ணெய் போடச் சொன்ன தன் வாயிலேயே அறைந்துகொண்டாள். பெட்டியை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டாள்.

வார், சிவந்த ஊசி, மகளின் கொப்புளம் எல்லாவற்றையும் சுலைகா குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டுக்கொண்டே வேறு ஒரு போனில் யாரிடமோ பூமயிலின் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் போகச் சொன்னாள். பிறகு பெட்டிப் பக்கம் திரும்பினாள்.

"புண்ணுன்னா பயப்படாதீங்கக்கா. ஆரம்பத்துலயே பாத்துட்டோம், மருந்துக்குக் கேக்கும். வயித்துப் பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகாது. அது என் பொறுப்பு."

"நல்லாருப்பீக டாக்டரம்மா."

"இன்னொண்ணு சொல்றேன், கேளுங்க. இதை நான் எழுதுனா என்ன ஆகும்னு தெரியுமா? நாப்பது குடும்பத்தையும் காலி பண்ணணும். வேலி பழைய எடத்துக்கே போகும். அம்பத்திரண்டு எடத்துலயும் திரும்பக் கிடை போடணும். நீங்க வெளிய வர இன்னும் ஆறு வருஷம்." அவள் குரல் தணிந்தது. "நான் கேக்கலைன்னு வச்சுக்கிறேன். வாரைப் பெட்டியில போட்டுத் தட்டான்ல அனுப்பிடுங்க, நான் எரிச்சுடுறேன். பூமயில் வீட்டு அடுக்களையைத் தோண்டி சிமெண்ட் போட்டுடலாம். வெள்ளிக்கிழமை வாங்க. உங்களை நான் நடுவுல கண்ணாடி இல்லாம இன்னும் பாத்ததே இல்லக்கா."

இருளாயிக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆசை இல்லை என்று சொன்னால் பொய். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவள் ஆறு வருஷமாக நினைத்து நினைத்துத் தேய்த்து வைத்திருந்தாள். அது கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது.

"மத்த எடமெல்லாம்?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் காட்டுக்குள்ளதானே இருக்கு."

"இன்னைக்குக் காடு. நாளைக்கு அங்கனயும் வீடு வரும். பனையடியேந்தல்லயே என் ரெண்டாவது கிடை எங்கன தெரியுமா? பால்வாடி கட்டியிருக்காகளாமே, அந்த வேப்ப மரத்தடியில." பெட்டியை இன்னும் கிட்டே பிடித்துக்கொண்டாள். "டாக்டரம்மா, ஏழு வருசத்துக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரு வாயைத் தொறக்காதன்னாரு. நான் தொறக்கல. மொதச் செத்தது எங்க செவலையன். மூக்குல கறுப்பு ரத்தம். நான் கண்ணால பாத்தேன். நான் அன்னைக்கே சொல்லியிருந்தா முப்பத்தோரு பேரும் இருந்திருப்பாக. அவரும் இருந்திருப்பாரு."

பெட்டியில் சுலைகா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"எழுதிக்கங்க," என்றாள் இருளாயி. "எல்லாத்தையும் எழுதிக்கங்க. ஒவ்வொரு கிடையிலயும் கட்டிலு எங்கன கெடந்துச்சு, எந்தப் பக்கம் தலை வச்சேன், எல்லாம் எனக்கு மனப்பாடம். என்னைய விட்டா அதுக்கு வேற ஆளு இல்ல."

அன்றைக்குச் சாயங்காலம் தட்டான் வந்தது. வாரை அவிழ்த்து டப்பாவில் போட்டு மூடினாள். முகர்ந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது, செய்யவில்லை. மணியை நைலான் பட்டையில் கோத்து மொட்டையனுக்குக் கட்டினாள். புதுப் பட்டை பிடிக்காமல் அது இரண்டு நாள் தலையை ஆட்டிக்கொண்டே நடந்தது.

காலி பண்ண நான்கு நாள் ஆயிற்று. பஸ்கள் கடைசியாகப் போய்ச்சேரும்வரை இருளாயியை முள்ளிச்செவல் கண்மாய்க் கரையிலேயே நிறுத்திவைத்தார்கள். ரோடு அங்கிருந்து அரை மைல் தொலைவு. ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன, முகங்கள் தெரியவில்லை. ஒரு பஸ் நின்றது. யாரோ இறங்கி அவள் பக்கம் பார்த்துக் கையை ஓங்கிக் கத்தினார்கள். என்ன கத்தினார்கள் என்று கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் அவளுக்குத் தெரியும். ஆம்புலன்ஸில் போன மகள் மருந்து போட்டுக்கொண்டு திரும்பியிருப்பாள் என்று நினைத்தாள்; எந்த பஸ்ஸில் என்று தெரியாததால் போன எல்லா பஸ்ஸுக்கும் கையை ஆட்டினாள்.

பூமயில் அந்தப் பஸ்களில் எதிலுமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவள் இன்னும் ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். ஊசிமருந்து ஏறிக்கொண்டிருந்தது, புண் பரவுவது நின்றுவிட்டது. மூன்று நாள் அவள் அம்மாவிடம் பேசவே இல்லை. நான்காம் நாள் பேசியபோதும் முகத்தைக் காட்டவில்லை.

"ஏம்மா சொன்ன? டாக்டரு எல்லாம் சொன்னாக. நீ சும்மா வந்திருக்கலாம்ல?"

"வந்திருக்கலாம்டி."

"எனக்கு வலி வந்தா யாரு இருக்கா?"

அழுகைச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. இருவரில் யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கடைசியில் பூமயில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சாவி வாசநெலைக்கு மேல இருக்கு," என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கதவு திறக்கவேண்டிய நாள். வெயில் ஏறுவதற்குள் இருளாயி மந்தையை ஓட்டிக்கொண்டு பனையடியேந்தலுக்குள் நுழைந்தாள். ஊர் நேற்றுவரை ஆள் இருந்த மாதிரியே இருந்தது. கொடியில் ஒரு சின்னச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. எடுத்துப்போக மறந்துவிட்டார்கள்.

மகள் வீடு எது என்று அவள் தேட வேண்டியிருக்கவில்லை. மொட்டையன் மந்தைக்கு முன்னால் நேராக நடந்து ஒரு நீல வாசலில் போய் நின்றது. வாசல் நிலைக்கு மேலே கையை விட்டால் சாவி அங்கே இருந்தது. உள்ளே ஓர் அறையில் புதுக் கயிற்றில் பின்னிய கட்டில் போட்டிருந்தார்கள். அதன்மேல் மடிப்புக் கலையாத ஒரு சேலை, அவளுக்குப் பிடித்த அரக்கு நிறம். உத்தரத்தில் தொட்டிலுக்குக் கொக்கி மாட்டியிருந்தது. இருளாயி வாசற்படியிலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். தொட்டால் எரித்துவிடுவார்கள் என்பதால் எதையும் தொடவில்லை. வரச் சொன்ன வீட்டுக்கு வந்துவிட்டாள். வரச் சொன்னவள் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

கிடாய் அவளை இடித்துக்கொண்டு உள்ளே போயிற்று. அடுக்களைக் கதவைத் தலையால் முட்டித் திறந்தது. மெழுகிய தரையில் மூன்று கல் அடுப்பு. அதற்கு வலப்பக்கம், கறிகாய் நறுக்க உட்காருகிற இடத்தை ஒருமுறை முகர்ந்துவிட்டு, முன்னங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டது. ஆறு வருஷத்துக்கு முன் முதல் நாள் படுத்த அதே இடம். இருளாயி பக்கத்தில் குந்தி ஓர் ஊசியைக் குத்தினாள். சிவப்பு எரியும் என்று தெரியும். எரியும்வரை ஒரு மணி நேரமும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். எரிந்தது.

மற்ற ஆடுகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. முற்றம், கூடம், அடுக்களை எல்லாம் நிறைந்தது. தன் பழைய கட்டிலை அவள் அடுக்களைக்குள் இழுத்துப் போட்டபோது பெட்டி கூப்பிட்டது. இந்தத் தடவை பூமயில் முகத்தைக் காட்டினாள். கண் வீங்கியிருந்தது. காதில் அதே கம்மல்.

"வந்துட்டியாம்மா?"

"வந்துட்டேன்டி."

"வீடு எப்படி இருக்கு?"

இருளாயி சுற்றிப் பார்த்தாள். அடுப்புக் கல்லின் மேல் ஒரு குட்டி ஏறி நின்று பெட்டியை எட்டிப் பார்த்தது.

"ரொம்ப நல்லா இருக்கு. அடுக்களைதான் எங்களுக்குக் கொஞ்சம் பத்தல," என்றாள்.